தெரு ஒளிப்படத்துக்கான கேமரா அமைப்புகள்

தெரு ஒளிப்படம் என்பது பொது இடங்களில் முன்னேற்பாடு இல்லாமல் நிகழும் மனித வாழ்வைப் பதிவு செய்யும் ஒளிப்பட வகையாகும். சந்தை, பேருந்து நிறுத்தம், கடற்கரை, கோயில் வீதி, தொடர்வண்டி நிலையம் என மக்கள் கூடும் எந்த இடமும் இதன் களமாகலாம். படம் எடுப்பவர் இங்கே விளக்கு அமைப்பதில்லை; ஆட்களை நிறுத்தி வைப்பதில்லை; நடந்து முடிந்ததை மறுபடி செய்துகாட்டச் சொல்வதுமில்லை. அவர் கட்டுப்பாட்டில் இருப்பவை மூன்று மட்டுமே: நிற்கும் இடம், பொத்தானை அழுத்தும் கணம், கேமராவில் அவர் செய்து வைத்திருக்கும் அமைப்புகள். இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது.

கேமரா அமைப்பு என்றதும் அது படத்தின் தரத்தைப் பற்றிய செய்தி என்று தோன்றும். தெருவில் அது அதைவிடப் பெரியது. படத்தில் யார் இருப்பார், யார் இல்லாமல் போவார், இருப்பவரின் முகம் தெரியுமா என்பதையே அமைப்புகள் முடிவு செய்கின்றன. இதற்கு மிகப் பழைய சான்று 1838ஆம் ஆண்டில் லூயி டகேர் பாரிசில் எடுத்த புல்வார் து தாம்ப்ல் வீதியின் படம். பகல் வேளையில் வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்த அந்த வீதி, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டதால் நகர்ந்துகொண்டிருந்த எவரும் அதில் பதியவில்லை. நடைபாதையோரம் காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்துகொண்டிருந்தவரும் மட்டுமே தப்பினர். மனிதர்கள் தெரியும் மிகப் பழைய ஒளிப்படம் இதுவே எனக் கருதப்படுகிறது. அந்த வீதியில் நடந்த மற்ற அனைவரையும் அழித்தது ஒளி பதிவதற்கு ஆன நேரம். இன்றைய சொல்லில், ஷட்டர் வேகம்.

அமைப்பு முன்னே, கணம் பின்னே

தெருவில் ஒரு நிகழ்வு பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். பேருந்தின் படிக்கட்டிலிருந்து இறங்கும் பாட்டி கைப்பையைத் தவறவிடுகிறார், அதைப் பிடிக்க மூன்று கைகள் நீள்கின்றன, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கேமராவின் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருப்பவருக்குப் படம் கிடைக்காது. எனவே தெரு ஒளிப்படத்தில் அமைப்புகள் நிகழ்வுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. அந்த இடத்துக்கும் அந்த வேளையின் ஒளிக்கும் ஏற்ப, நிகழ்வு வருமுன்பே செய்து வைக்கப்படுகின்றன.

1930களிலும் 1940களிலும் நியூயார்க்கின் இரவு வீதிகளைப் படமெடுத்த ஆர்தர் ஃபெல்லிக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'வீஜி' என்ற பெயரில் அறியப்பட்ட அவர் கனமான ஸ்பீடு கிராஃபிக் கேமராவையும் ஃபிளாஷ் விளக்கையும் பயன்படுத்தினார். துளை எஃப்/16, ஷட்டர் 1/200 நொடி, குவியம் 10 அடி என்று நிலையாக வைத்திருந்தார். விபத்து, தீ, கைது என எங்கு போனாலும் அவர் செய்ய வேண்டியிருந்தது ஆளிடமிருந்து பத்தடியில் போய் நிற்பதுதான். கேமராவைப் பற்றிய சிந்தனை அவருக்குத் தேவைப்படவில்லை. இன்றைய கேமராக்கள் பல முடிவுகளைத் தாமே எடுக்கின்றன என்றாலும் வீஜியின் முறையில் உள்ள அறிவு மாறவில்லை: எதைக் கருவியிடம் விடுவது, எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்பதை வீட்டைவிட்டு இறங்கும்போதே தீர்மானித்துவிடுவது.

ஒரு படத்தின் ஒளி மூன்று அமைப்புகளால் அமைகிறது. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்சின் துளை எவ்வளவு பெரிது, சென்சாரின் ஒளியுணர்வை எவ்வளவு உயர்த்திக்கொள்கிறோம் என்பன அவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்கலாம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒளியின் அளவு இரு மடங்காவதையோ பாதியாவதையோ ஒரு 'ஸ்டாப்' என்பர். பாடநூல்கள் மூன்றையும் சமமாக வைத்து முக்கோணமாக வரைந்து காட்டும். தெருவில் அவை சமமல்ல. முதலிடம் ஷட்டருக்கு, அடுத்தது துளைக்கு, எஞ்சிய சுமை முழுவதும் ஐ.எஸ்.ஓ. தலையில்.

ஷட்டர் வேகம்

இயல்பாக நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் கடக்கிறார். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் அவர் 2.3 செ.மீ. நகர்ந்துவிடுவார். 1/250 நொடியில் அரை செ.மீ.க்குச் சற்று மேல். 1/500 நொடியில் கால் செ.மீ.க்குச் சற்று மேல். இந்த எண்கள் படத்தில் என்ன ஆகின்றன என்று பார்க்கலாம். 35 மி.மீ. லென்ஸ் கொண்ட முழுச்சட்டகக் கேமரா, 3 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 3 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்கும். அதை 30 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் உண்மையான அளவில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 1/60 நொடியில் எடுத்த படத்தில், குறுக்கே நடப்பவரின் விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் இழுபட்டிருக்கும். கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். 1/250 நொடியில் இழுவை அரை மி.மீ.; உற்றுப் பார்த்தால் தெரியும். 1/500 நொடியில் கால் மி.மீ.; பெரும்பாலோர் அதைக் கூர்மை என்றே ஏற்றுக்கொள்வர்.

இது உடலுக்கான கணக்கு. நடக்கும்போது முன்னோக்கி வீசப்படும் கால், உடலைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் நகர்கிறது. முகம் கூர்மையாகவும் பாதம் மங்கலாகவும் இருக்கும் படங்கள் இதனால்தான் உண்டாகின்றன. அது குறையும் அல்ல. நடக்கிறார் என்பதைப் பாதமே சொல்லிவிடும். 30 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் ஆட்டோ நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 1/1000 நொடியிலும் அது ஏறத்தாழ 8 மி.மீ. நகர்ந்திருக்கும். அதே ஆட்டோ நேராகக் கேமராவை நோக்கி வந்தால் இழுவை பெருமளவு குறையும். ஆகவே மெதுவான ஷட்டருடன் மாட்டிக்கொண்டவர் சாலைக்குப் பக்கவாட்டில் நிற்பதைவிட, ஓட்டம் தம்மை நோக்கி வரும் தெருமுனையில் நிற்பது நல்லது.

பகலில் 1/500 நொடி என்பது தெருவுக்குப் பொருத்தமான தொடக்கம். குழந்தைகள், மிதிவண்டிகள், விளையாட்டு என்றால் 1/1000. உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125 போதும். கேமராவிலும் லென்சிலும் உள்ள அதிர்வுத்தடுப்பு வசதி இங்கு பலரை ஏமாற்றுகிறது. அது எடுப்பவரின் கைநடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். எதிரே நடப்பவரின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. 1/15 நொடியில் கட்டடம் துல்லியமாகவும் மனிதர்கள் ஆவிபோலவும் வந்தால் காரணம் இதுவே.

கூர்மையே குறிக்கோள் என்றும் கொள்ளக்கூடாது. 1932இல் பாரிசின் சான் லசார் தொடர்வண்டி நிலையத்தின் பின்புறம் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் எடுத்த படத்தில், தேங்கிய நீரின்மேல் தாவும் மனிதர் சற்று மங்கலாகவே இருக்கிறார். குதிகால் நீரைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது என்பதுதான் அந்தப் படம். ஷட்டர் இன்னும் வேகமாக இருந்திருந்தால் அவர் கூர்மையாகியிருப்பார். படம் இன்னும் சிறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

துளையும் தூரமும்

லென்சின் துளையை எஃப் எண்ணால் குறிப்பர். எண் சிறிதானால் துளை பெரிது. பெரிய துளை ஒளியை அதிகம் விடும், ஆனால் படத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழத்தைக் குறைக்கும். இந்த ஆழமே புல ஆழம் எனப்படுகிறது. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியவர்கள் எஃப்/1.8, எஃப்/1.4 எனத் துளையை முழுதும் திறந்து, பின்னணியைக் குழைத்துவிட்டு மகிழ்வதைப் பார்க்கலாம். தனி ஆளின் உருவப்படத்துக்கு அது பொருந்தும். தெருப்படத்துக்குப் பின்னணி அழகுப்பொருள் அல்ல, அது இடம். சுவரொட்டி, கடைப்பலகை, பின்னால் நின்று பார்க்கும் இன்னொருவர் ஆகியோரைக் குழைத்துவிட்டால் தெருவே போய்விடும். மங்கலான பின்னணி முன் நிற்கும் முகம் எந்த ஊரில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

முழுச்சட்டகக் கேமராவில் 35 மி.மீ. லென்சை 3 மீட்டரில் குவித்து, துளையை எஃப்/2இல் வைத்தால் ஏறத்தாழ 2.6 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர்வரை மட்டுமே கூர்மை. அதே லென்ஸ், அதே குவியம், துளை எஃப்/8 என்றால் 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை கூர்மை விரியும். 28 மி.மீ. லென்சை எஃப்/8இல் வைத்து 2.5 மீட்டரில் குவித்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்று முன்பிருந்து பத்து மீட்டர்வரை அனைத்தும் தெளிவு. தெருவின் குறுக்களவே பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே மண்டலக் குவிய முறை. தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, லென்சைக் குறிப்பிட்ட தூரத்தில் நிலையாக வைத்து, அந்த மண்டலத்துக்குள் நிகழ்வு வரும்போது அழுத்துவது. கேமரா எதையும் தேடாது. எனவே தாமதமும் இல்லை, தவறான ஆளின்மேல் குவிவதும் இல்லை. லென்சின் உடலில் தூர அளவுகள் பொறிக்கப்பட்டிருந்தால் இதைச் செய்வது எளிது. பொறிக்கப்படாத லென்சில், தேவையான தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தின்மேல் ஒருமுறை குவித்துவிட்டுக் கைமுறைக் குவியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ரிக்கோ நிறுவனத்தின் ஜி.ஆர். வரிசைச் சிறு கேமராக்களில், பொத்தானை ஒரே மூச்சில் முழுதும் அழுத்தினால் முன்னரே குறித்த தூரத்தில் குவியும் வசதி இதற்கென்றே உள்ளது. தெரு ஒளிப்படக்காரர்களிடையே அக்கேமரா பெற்ற செல்வாக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழக வேண்டும் என்பதே இம்முறையின் விலை. கை நீட்டினால் தொடும் தூரம், ஓர் ஆள் உயரம், இரு ஆள் உயரம் என உடலை அளவுகோலாகக் கொண்டால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். சாதாரண வாசற்கதவு இரண்டு மீட்டருக்குச் சற்றே அதிகமான உயரம் கொண்டது. அதைத் தரையில் படுக்க வைத்ததாக எண்ணிப் பார்ப்பதும் உதவும்.

இன்றைய கேமராக்களின் முகம், கண் ஆகியவற்றைத் தேடிக் குவியும் ஆற்றல் மிக நன்றாகவே வேலை செய்கிறது. நெரிசல் குறைந்த இடங்களில் அதை நம்பலாம். ஆனால் இருபது முகங்கள் இருக்கும் இடத்தில் எந்த முகம் முக்கியம் என்பது கேமராவுக்குத் தெரியாது. திரும்பி நிற்பவரின் முதுகுதான் படம் என்றால் அதற்கு அறவே தெரியாது.

ஐ.எஸ்.ஓ.

படச்சுருள் காலத்தில் ஒளியுணர்வு சுருளோடு வந்தது. ஒரு சுருளைப் போட்டால் 36 படங்கள் முடியும்வரை அதை மாற்ற இயலாது. இந்திய வீதிகளை வண்ணத்தில் பதிந்த ரகுபீர் சிங் கோடக்குரோம் சுருளைப் பயன்படுத்தினார். அச்சுருளின் வகைகளில் பெயர்பெற்ற ஒன்றின் ஒளியுணர்வு வெறும் 64. வெயிலில் குறையில்லை. ஆனால் நிழலான தெருவில் எஃப்/4 துளைக்கு 1/160 நொடியைவிட வேகமாகப் போக அது இடம் தராது. அந்தக் காலத்து வண்ணப்படங்களில் வெயில் நிறைந்திருப்பதற்கு அழகுணர்வு மட்டும் காரணமல்ல.

டிஜிட்டல் கேமராவில் ஐ.எஸ்.ஓ. ஒவ்வொரு படத்துக்கும் மாறலாம். உயர்த்த உயர்த்தப் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும். இதற்கு அஞ்சி ஐ.எஸ்.ஓ.வை 200க்குள் பூட்டி வைப்பவர்கள் பலர். தெருவில் அது தவறான சிக்கனம். புள்ளிகள் விழுந்த படத்தில் முகம் இருக்கும். பின்னர் மென்பொருளால் புள்ளிகளைக் குறைக்கவும் முடியும். அசைவால் கரைந்த முகத்தை எந்த மென்பொருளும் உண்மையாக மீட்டுத் தராது. கடந்த பத்தாண்டுகளில் வந்த பெரும்பாலான கேமராக்களில் 3200 தயக்கமின்றிப் பயன்படும். முழுச்சட்டகத்தில் 6400உம் ஏற்கத்தக்கதே.

இதனால், அறிமுக நிலையில் உள்ளவர்க்கும் தேர்ந்தவர்க்கும் ஒருசேரப் பொருந்தும் அமைப்பு ஒன்று உண்டு. கேமராவை 'எம்' எனும் கைமுறை நிலைக்கு மாற்றி, ஷட்டரை 1/500, துளையை எஃப்/8 என வைத்து, ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டு, அதன் உச்ச வரம்பை 6400 எனக் குறித்துவிடுவது. முழு வெயிலில் இந்த அமைப்புக்கு ஐ.எஸ்.ஓ. 100 போதும். திறந்த நிழலில் கேமரா தானே 800க்கு ஏறிக்கொள்ளும். எடுப்பவர் வெயிலிலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெயிலுக்கும் நடந்துகொண்டே இருக்கலாம். 'ஏ' அல்லது 'ஏ.வி.' எனும் துளை முதன்மை நிலையை விரும்புவோர், ஷட்டர் 1/250க்குக் கீழே இறங்காதபடி தானியங்கி ஐ.எஸ்.ஓ. பட்டியலில் வரம்பு வைக்க வேண்டும். அந்த வரம்பை வைக்க மறந்தால் கேமரா 1/60இல் எடுத்துத் தள்ளும். சிறிய திரையில் எல்லாம் நன்றாகவே தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கும்போதுதான் தெரியவரும்.

முகமா, வெள்ளைச் சட்டையா

கேமராவின் ஒளிமானி எதிரே இருப்பது என்னவென்று அறியாது. காட்சி முழுவதையும் கலக்கினால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்ற எண்ணத்தில் அது அளவிடுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவர், வெள்ளை வேட்டி, வெளிறிய வானம் ஆகியவை சட்டகத்தை நிறைத்தால் அவற்றையும் சாம்பலாக்க முனைந்து படத்தை இருட்டாக்கும். அந்தச் சுவரின் முன் நிற்கும் கருத்த முகம் வெறும் கரிய வடிவமாகிவிடும். வெயில் மிகுந்த நாடுகளில் எடுக்கப்படும் தெருப்படங்களில் மிகப் பரவலான குறை இதுதான். சட்டையின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரியும். அதை அணிந்திருப்பவர் யார் என்று தெரியாது.

இதில் கருவிகளின் வரலாறும் கலந்திருக்கிறது. வண்ணப்படச் சுருளும் அச்சும் சரியான நிறம் தருகின்றனவா என்று ஆய்வகங்கள் சோதிக்க, கோடக் நிறுவனம் மாதிரி அட்டைகளை அனுப்பி வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர் பெற்ற அவற்றில் பல பத்தாண்டுகள் இருந்தவர்கள் வெள்ளைத் தோல் கொண்ட பெண்களே. அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பதே அளவுகோல். டிஜிட்டல் சென்சாருக்கு அப்படிப்பட்ட சாய்வு குறைவு. ஆனாலும் ஒளியை யாருக்காக அளப்பது என்ற கேள்வி எடுப்பவரிடம் இருக்கவே செய்கிறது.

இதற்கான கருவி ஒளித்திருத்தம். கூட்டல், கழித்தல் குறிகளுடன் பெரும்பாலான கேமராக்களின் மேல்புறத்திலேயே இதற்கு ஒரு பொத்தானோ சக்கரமோ இருக்கும். வெளிறிய பின்னணி முன் முகங்களை எடுக்கும்போது ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். சூரியனுக்கு எதிராக எடுத்தால் ஒன்றரை, இரண்டு. இருண்ட கடையின் உட்புறத்தில் ஒளிக்கீற்று விழும் முகத்துக்கு மாறாக ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். இல்லையேல் கேமரா இருட்டை வெளிச்சமாக்கப் பார்த்து முகத்தை வெளுக்கடித்துவிடும்.

டிஜிட்டல் படத்தில் முற்றிலும் வெளுத்துப்போன பகுதியை மீட்க முடியாது. இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். ஆகவே 'வெளிச்சத்தைக் காப்பாற்று' என்பது பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் சொல்லப்படும் விதி. நல்ல விதிதான். ஆனால் வானத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு மீன் விற்கும் பெண்ணின் முகத்தை இருளில் விடுவது நட்டக் கணக்கு. வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். 'ரா' கோப்பாக எடுத்தால் இரண்டுக்கும் இடையே சற்று இடம் கிடைக்கும். ஜேபெக் கோப்பில் அந்த இடம் மிகக் குறைவு.

சென்னை வீதிகளில் ஒரு நாள்

மேற்கண்டவை ஒரு நகரத்தில் எப்படி மாறிமாறிப் பயன்படும் என்பதற்குச் சென்னை பொருத்தமான களம். கிழக்கே கடல் இருப்பதால் காலை ஒளி எந்தக் கட்டடத்தின் மறைப்பும் இன்றிக் கரையில் வந்து விழுகிறது. மெரினாவில் விடியலின்போது கடலைப் பார்த்து எடுத்தால் மனிதர்கள் நிழலுருவங்களாவர். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் அதே மனிதர்களின் முகங்களில் பொன்னிற ஒளி. சூரியன் எழும்பும் முதல் அரை மணியில் ஒளியளவு வேகமாக மாறும் என்பதால் தானியங்கி ஐ.எஸ்.ஓ. இங்கு மிக உதவும். வெண்சமன்பாட்டைத் தானியங்கியில் விட்டால், அந்தப் பொன்னிறத்தையும் கேமரா பிழையென்று எண்ணி நீக்கப் பார்க்கும். பகல் ஒளி என்ற நிலையில் பூட்டிவிடுவது மேல்.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நெற்றி ஒளிரும், கண்குழிகள் இருளும். மயிலாப்பூர் மாட வீதியில் அந்த வேளையில் வெட்டவெளியில் நிற்பவரின் கண்ணைப் பதிவது கடினம். அப்போது செய்யத்தக்கது பந்தல், கடைத் தட்டி, குடை ஆகியவற்றின் நிழலுக்குள் இருப்பவர்களைத் தேடுவது. தரையில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கே கீழிருந்து முகத்தை மென்மையாக ஒளியூட்டும். நிழலுக்குள் மட்டும் படமெடுப்பது என்று தீர்மானித்துவிட்டால், தரைநோக்கி ஒருமுறை அளந்து, ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/8, 1/500 என மூன்றையும் நிலையாக வைத்துவிடலாம்.

ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நிலைமை வேறு. உயர்ந்த பழைய கட்டடங்களுக்கு இடையே வெயில் பட்டைபட்டையாக விழுகிறது. பட்டைக்கும் நிழலுக்கும் மூன்று ஸ்டாப் வேறுபாடு. மூட்டை சுமப்பவர் இருளிலிருந்து ஒளிப்பட்டைக்குள் வரும் கணத்தைக் குறிவைப்பவர் தானியங்கியை நம்பக்கூடாது. சட்டகத்தில் இருட்டே அதிகம் என்பதால் அது படத்தை வெளுக்கச் செய்யும். வெயிலுக்கான ஒளியளவைக் கைமுறையாகப் பூட்டிவிட்டு, ஒளிப்பட்டையின் தூரத்திலேயே குவியத்தையும் பூட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப்/8, 1/500. 400 என்றால் எஃப்/8, 1/2000. மற்ற தெருவெல்லாம் கறுத்துப்போகும், அவர் மட்டும் ஒளிர்வார்.

தி. நகர் ரங்கநாதன் தெருவின் மாலைக் கூட்டத்தில் மூன்று மீட்டர் என்ற தூரமே கிடையாது. ஒன்றரை மீட்டருக்குள் தோளோடு தோள் உரசும் ஆட்கள். 35 மி.மீ. லென்சே அங்கு நீளமாகிவிடும். 28 மி.மீ., எஃப்/8, குவியம் 1.2 மீட்டர் என்று வைத்தால் 90 செ.மீ. முதல் 1.9 மீட்டர்வரை கூர்மை கிட்டும். தொடர்ச்சியாக எடுக்கும் நிலையை இங்கு மட்டும் பயன்படுத்தலாம், ஏனெனில் எப்போதும் யாரோ ஒருவரின் கை குறுக்கே வரும். மற்ற இடங்களில் ஒற்றைப் பட நிலையே நல்லது. நொடிக்குப் பத்துப் படம் எடுப்பவர் கணத்தைத் தேர்ந்தெடுப்பதைக் கணினியின்முன் உட்காரும் வேளைக்குத் தள்ளிப்போடுகிறார்.

செயற்கை விளக்கொளி

வெப்பமண்டலத்தில் அந்தி நேரம் குறுகியது. ஒளி வடியத் தொடங்கியதும் துளையை எஃப்/2.8 அல்லது எஃப்/2 எனத் திறக்க வேண்டியதுதான். புல ஆழம் குறைவதால் மண்டலக் குவியத்தைக் கைவிட்டுத் தானியங்கிக் குவியத்துக்கு மாறுவதும் அப்போது முறை. கடைகளின் பிரகாசமான விளக்குகளுக்கு அருகே எஃப்/2.8, ஐ.எஸ்.ஓ. 3200இல் 1/250 நொடி பெரும்பாலும் கிடைக்கும். கடைகளைத் தாண்டி வெறும் தெருவிளக்குக்கு வந்துவிட்டால் அதே அமைப்பில் 1/60 கிடைப்பதே அரிது. ஆகவே இரவில் தெருவைத் தேடாமல் விளக்கைத் தேட வேண்டும். பூக்கடையின் குண்டு விளக்கு, பரோட்டாக் கல்லுக்கு மேல் தொங்கும் விளக்கு, பேருந்தின் சன்னல் ஆகியவற்றின் அருகே நின்று, முகங்கள் அந்த ஒளிக்குள் வரும்வரை பொறுத்திருப்பது பயன் தரும்.

விளக்குகளில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அதனால் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன. கண்ணுக்கு இது தெரிவதில்லை. 1/500 நொடி ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டுமே பிடிக்கும். அடுத்தடுத்த படங்கள் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மங்கலாகவும் நிறம் மாறியும் வரும். ஓசையில்லாத மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அதில் எடுத்த படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகளே விழக்கூடும். இவ்வொளியில் 1/100 நொடி பாதுகாப்பானது, ஏனெனில் ஒரு முழு ஏற்ற இறக்கம் அதற்குள் முடிந்துவிடும். நடப்பவர் அதற்குள் 1.4 செ.மீ. நகர்வார் என்பதால், நிற்பவர்களையும் உட்கார்ந்திருப்பவர்களையும் எடுக்க வேண்டும். அல்லது இயந்திர ஷட்டருக்கு மாறி, கேமராவில் இருந்தால் மினுக்கத் தடுப்பு வசதியை இயக்க வேண்டும்.

மங்கலைத் தேர்ந்தெடுத்தல்

டகேர் வேறு வழியின்றி ஏற்றுக்கொண்ட இழப்பை, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் ஒருவர் விரும்பிக் கையாண்டார். சோவியத் ஒன்றியம் சிதைந்த 1990களின் தொடக்கத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நிலத்தடித் தொடர்வண்டி நிலைய வாயில்களில் முண்டியடித்த கூட்டங்களை அலெக்சேய் தித்தாரென்கோ நீண்ட ஷட்டர் நேரத்தில் படமெடுத்தார். 'நிழல்களின் நகரம்' எனும் அந்த வரிசையில் மக்கள் கூட்டம் புகைபோலப் படியேறுகிறது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிய விரல்கள் மட்டும் ஆங்காங்கே தெளிவாக நிற்கின்றன. ஒரு சமூகமே தன் அடையாளத்தை இழந்து நின்ற நேரத்துக்கு அந்த அமைப்பு பொருந்தியது.

இதை முயல விரும்புவோர் 1/4 நொடியிலிருந்து ஒரு நொடிவரை முயலலாம். பகலில் அவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க, ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டியை லென்சின்முன் மாட்ட வேண்டும். முக்காலி இல்லாவிட்டால் சுவரிலோ கம்பத்திலோ கேமராவை அழுத்திப் பிடிக்கலாம். கூட்டத்தில் ஒருவராவது அசையாமல் நிற்க வேண்டும் என்பதே இவ்வகைப் படத்தின் உயிர்நாடி. அனைவரும் அசைந்தால் அது வெறும் குழம்பு. மிதிவண்டியோடு சேர்ந்து கேமராவையும் நகர்த்தி 1/30 நொடியில் எடுக்கும் முறை இதற்கு நேர்மாறானது: ஆள் நிலைப்பார், தெரு ஓடும்.

கைபேசியில்

மாணவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது கைபேசிக் கேமராதான். தெருவுக்கு அது இழிவான கருவி அல்ல. சிறிய சென்சார் என்பதால் புல ஆழம் இயல்பிலேயே அதிகம். எஃப்/8 பற்றிய கவலை தேவையில்லை. பெரும்பாலான கைபேசிகளில் துளை மாறாதது. எனவே கையில் இருப்பவை ஷட்டரும் ஐ.எஸ்.ஓ.வும்தான். கைமுறை நிலை இருந்தால் அதில் ஷட்டரை 1/500இல் பூட்டி ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விடலாம். இல்லையெனில், முகத்தின்மேல் விரலால் தொட்டு ஒளியை அளந்து, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்துத் திருத்தலாம். விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியும் குவியமும் பூட்டிக்கொள்ளும். மண்டலக் குவியத்தின் எளிய வடிவம் அது.

கைபேசி ஒரு அழுத்தலில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்த ஒளியில் நகர்பவரின் கைக்கு இரட்டை விளிம்பு தோன்றுவது இதனால்தான். இரவு நிலை இதை நொடிக்கணக்கில் நீட்டுவதால் தெருவில் அதை அணைத்து வைப்பது நல்லது. உருவப்பட நிலை பின்னணியைக் கணக்கிட்டுக் குழைக்கிறது. தெருவை அழிக்கும் வேலையை அது இன்னும் மோசமாகச் செய்யும்.

சிறு அமைப்புகள்

குவியம் கிடைத்ததும் எழும் ஒலி, குறைந்த ஒளியில் எதிரே பாயும் சிவப்பு உதவி விளக்கு, தானாகத் துள்ளும் ஃபிளாஷ் ஆகிய மூன்றையும் முதல் நாளே அணைத்துவிட வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் உடனே காட்டும் வசதியையும் நிறுத்துவது நல்லது. அந்த இரு நொடிகளில் கண் தெருவைவிட்டு விலகிவிடுகிறது. கேமரா தானாக உறங்கும் நேரத்தைச் சில நிமிடங்களுக்கு நீட்டினால் மின்கலம் வேகமாகக் கரையும், ஆனால் விழிக்கும் தாமதம் இருக்காது. கூடுதல் மின்கலம் ஒன்று பையில் இருந்தால் போதும். கேமராவின் சக்கரத்தில் உள்ள பயனர் நினைவு நிலைகளில் ஒன்றில் பகல் அமைப்பையும் மற்றொன்றில் இரவு அமைப்பையும் சேமித்து வைக்கலாம். அவ்வசதி இல்லாத கேமராவில், இரவில் வீடு திரும்பியதும் ஒளித்திருத்தத்தைச் சுழியத்துக்கும், ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கிக்கும், ஷட்டரை 1/500க்கும் திருப்பி வைத்துவிட்டே பையில் போட வேண்டும். மறுநாள் காலை தெருமுனையில் முதலில் எதிர்ப்படும் காட்சி, நேற்றைய இரவின் அமைப்பில்தான் பதியும்.